மூணு வளைவு

யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்லாத ஒரு மனிதரோடு இரண்டு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தேன். வேடிக்கை என்னவென்றால், அந்த அறையில் எங்கள் இருவருக்கும் வேலையே பதில் சொல்வதுதான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு விதைக்கடையின் மாடியில் இருந்தது அந்த அறை. இணையத்தில் தளம் தொடங்குகிறவர்களுக்குப் பெயர் விற்கிற கம்பெனி. முதலாளி திருநாவலூர்க்காரர். சென்னையில் ஆபீஸ் வைத்திருந்தார். வாடகை கம்மி என்று இங்கே ஒரு கிளை. பெயர் வாங்குகிறவர் தன் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்ததை உலகத்தில் யார் கேட்டாலும் காட்ட வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. பத்திர ஆபீசில் வில்லங்கம் போட்டு ஒரு நிலம் யாருடையது என்று பார்ப்பதில்லையா, அது மாதிரி. பார்க்கிறவருக்குச் செலவில்லை, மனுப் போட வேண்டியதுமில்லை. பெயரைத் தட்டினால் ஆள் விவரம் வரும். இதை நாங்கள் 'கேள்வி' என்போம். ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் கேள்வி வரும். பதில் சொல்கிற எந்திரம் எங்கேயோ வெளிநாட்டில் இருந்தது. அது மூச்சுத் திணறாமல் பார்த்துக்கொள்வது அந்த மனிதரின் வேலை. படிவம் வாங்குவதும், பதிவதும், பேச்சு வாங்குவதும் என் வேலை.

அவர் கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர். ஐம்பதைத் தொட்ட வயது, கட்டம் போட்ட சட்டை, கோடையிலும் கழுத்தில் ஒரு மப்ளர். டீ கொண்டுவருகிறவர் "மணி இன்னாண்ணே?" என்று கேட்டால் கூட, "யாருக்கு மணி?" என்று திருப்பிக் கேட்பார். விதைக்கடைக்காரருக்கு என்று தெரிந்த பிறகுதான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு நாள் பொறுக்காமல், மணி சொல்வதில் என்ன ராணுவ ரகசியம் இருக்கிறது என்று கேட்டேன்.

"பதில் போயிடுச்சின்னா திரும்பி வராதும்மா," என்றார். "கேள்வி எங்கியும் போவாது. இங்கியேதான் நிக்கும். அதான் மொதல்ல கேக்கறது யாருன்னு பாத்துக்கறது."

இந்தக் 'கேக்கறது யாரு' அவர் வாயில் ஒரு நாளைக்கு நூறு முறை வரும். எங்கள் தொழிலுக்கே விரோதமான கேள்வி அது. யார் கேட்டாலும் ஒரே பதில் என்பதுதானே எங்கள் பிழைப்பு.

அவருக்கு முன்னால் அந்த இருக்கையில் இருந்தவர்கள், கேள்வி ஜாஸ்தியானால் அடைப்புப் போடுவார்கள். விளம்பரக்காரர்களுக்கு விற்பதற்காகப் பட்டியல் எடுக்கிற கும்பல் ஒன்று எப்போதும் உண்டு. அகரவரிசையில் ஒவ்வொரு பெயராகக் கேட்டு நம்பர்களை அள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் கணினியை அடைத்தால் அடுத்த நிமிடமே வேறு கணினியில் வந்து நிற்கும். இவர் வந்ததும் அடைப்பை எடுத்துவிட்டார். முதல் கேள்விக்கு உடனே பதில். அதே ஆள் இரண்டாவது கேட்டால் ஒரு விநாடி கழித்து. மூன்றாவதற்கு இரண்டு விநாடி. அப்புறம் நான்கு, எட்டு, பதினாறு என்று ஏறிக்கொண்டே போகும். கேட்கிறவனுக்கு மறுக்கப்பட்டது என்றே தெரியாது. இதற்கு அவர் வைத்த பெயர் 'வளைவு'. கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும்போது வருமே, அந்த வளைவு.

"அவனுக்கு இன்னும் ரெண்டு வளைவு போடும்மா," என்பார். "இல்லன்னு சொன்னா வேற வாசலுக்குப் போவான். இருன்னு சொன்னா நிப்பான்."

இது எங்கே கற்றது என்று கேட்டேன். எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் ஊர் வழக்கமாம். கீழேயிருந்து புதிய ஆள் வந்து இன்னார் வீடு எது என்று கேட்டால், அங்கே யாரும் தெரியாது என்று சொல்வதில்லை. கேட்கிறது யார் என்று விசாரித்துக்கொள்வார்கள். பிறகு ஒரு சுற்று வழியைக் காட்டி, அங்கே போய்க் கேள் என்பார்கள். அங்கே இருப்பவர் இன்னொரு திருப்பம் காட்டுவார். வந்தவர் நடந்துகொண்டிருக்கும்போதே குறுக்குப் பாதையில் அந்த வீட்டுக்குச் சேதி போய்விடும். வந்தவரைப் பார்க்க வீட்டுக்காரருக்குச் சம்மதமென்றால் மூன்றாவது வளைவில் யாராவது எதிரே வந்து கூட்டிப்போவார்கள். சம்மதமில்லையென்றால் அவர் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவார்.

"வூட்டுக்காரன் ரெடியாவறதுக்கு மூணு வளைவாவது வேணும் இல்ல?" என்றார்.

அப்படியானால் தபால்காரர் பாடு என்ன என்று சிரித்தேன்.

"தபால்காரரு எங்கூர்க்காரருதான்."

எனக்கும் ஒருமுறை இந்த வளைவு கிடைத்தது. என்னைப் பெண் கேட்டு வருவதற்கு முன்னால், வேலை செய்கிற இடத்தில் விசாரிக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து விதைக்கடை வாசலில் நின்றிருக்கிறார்கள். இவர் கீழே போனவர், யார் என்று கேட்டுக்கொண்டு, நேரே பஸ் ஸ்டாண்டு பக்கம் அனுப்பிவிட்டார். மேலே வந்து, "மூஞ்ச கழுவிக்கினு தலய வாரும்மா, அர மணி நேரம் கீது," என்றார். நான் அப்போது புளிச்சோறு தின்ற கையோடு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வியர்த்து வழியத் திரும்பி வந்தபோது நான் லட்சணமாக இருந்தேன். அந்த வரன் அமையவில்லை, காரணம் வேறு. ஆனால் அவரை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அவரிடம் ஒரே ஒரு விஷயத்தில் வேறு ஆட்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மகளின் மேல்படிப்புக்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதற்காக மாதம் ஒரு முறை லீவு போட்டுவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போவார். நீ யார், உன் அப்பா யார், அதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். "ஊரையே யாருன்னு கேப்பீங்க, இப்ப உங்களையே கேக்கறாங்களா?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. நான்தான் அசடு வழிந்தேன்.

மத்திய அரசுக் கல்லூரிகளில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு இடஒதுக்கீடு என்று அறிவிப்பு வந்த கோடை அது. வடக்கே மருத்துவ மாணவர்கள் எதிர்த்துத் தெருவில் உட்கார்ந்தார்கள். ஆதரித்தும் ஊர்வலம் போனார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இடஒதுக்கீட்டுப் போராட்டம் என்றால் அதற்கு இருபது வருடம் முன்னால் சாலையில் மரம் சாய்ந்து பஸ் ஓடாமல் கிடந்ததுதான் ஞாபகம். இந்தத் தடவை மரம் தப்பித்தது என்றார் விதைக்கடைக்காரர். மரம் சாய்க்காமலே ஒரு வீட்டை அடைக்க முடியும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில் மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். அப்பா சர்க்கரை ஆலைத் தொழிலாளி. அவள் வடக்கே டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். விடுதியில் பெயரைக் கேட்பதற்கு முன்னால் நுழைவுத் தேர்வு ரேங்க்கைக் கேட்கிறார்கள், கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விடுகிறார்கள் என்றாள். இதையெல்லாம் அவளைப் போல ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் எழுத ஒரு தளம் வேண்டும். படிவத்தில் போன் நம்பர் கட்டத்தைப் பார்த்து, "இத போட்டே ஆவணுமாக்கா?" என்று கேட்டாள். கட்டாயம் என்றேன். பொய் விவரம் கொடுத்தால் பெயர் ரத்தாகும் என்று அச்சடித்ததைக் காட்டினேன். அவர் தன் இடத்திலிருந்தே, "யோசிச்சிக் குடுங்க," என்றார். அப்பா யோசிக்காமல் தன் பெயர், ஆலைக்குப் பக்கத்து வீட்டு முகவரி, வீட்டுப் போன் நம்பர் எல்லாம் சொன்னார். நான் ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அவள் பரீட்சைக்காக வடக்கே திரும்பிப் போனாள். இரண்டு வாரத்தில் அந்தத் தளத்தில் ஐந்நூறு பேர் எழுதிவிட்டார்கள். ஒரு காலை எங்கள் எந்திரத்துக்கு வருகிற கேள்வி இரண்டு மடங்கானது, மத்தியானத்துக்குள் ஐந்து மடங்கு. பட்டியல்காரர்கள் என்று நினைத்தேன். அவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"பட்டியல் எடுக்கறவன் எல்லாப் பேரையும் கேப்பான்மா. இவுங்க ஆயிரம் பேரு ஒரே பேரக் கேக்கறாங்க."

அந்த ஒரு பெயருக்கு மட்டும், கேட்பவர் யாராக இருந்தாலும் மூன்று வளைவு போட்டார். கூட்டம் குறையவில்லை. ஐந்து போட்டார், ஏழு போட்டார். பதில் வராமல் காத்து நிற்கிற கேள்விகள் குவிந்துபோய், மற்ற வாடிக்கையாளர்களைக் கேட்கிறவர்களுக்கும் தாமதமானது. மறுநாள் சான்றிதழ் விஷயமாக அவர் போயே ஆக வேண்டும். போகும்போது, "வளைவ மட்டும் எடுக்காதம்மா, யாரு சொன்னாலும் நான் வர வரைக்கும் சமாளி," என்றார்.

பதினோரு மணிக்கு முதலாளி போன் செய்தார். எந்திரம் பதிலே சொல்வதில்லை என்று ஊரெல்லாம் புகாராம். அடைத்துக்கொண்டிருப்பதையெல்லாம் எடு என்றார். அவர் சாயங்காலம் வந்துவிடுவார் சார் என்று நான் சொல்லியிருக்கலாம். எடுத்தேன். எல்லா வளைவையும் நேராக்கினேன். கால் மணி நேரத்தில் கூட்டம் கரைந்தது. எல்லாருக்கும் பதில் போய்விட்டது. முதலாளி சபாஷ் என்றார். நான் அன்று இரண்டு டீ குடித்தேன்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பெண்ணின் அப்பா மாடியேறி வந்தார். கையிலிருந்த ஒயர் கூடையிலிருந்து ஒரு பொருளை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். அவர் வீட்டுப் போன். கம்பியோடு பிடுங்கிக் கொண்டுவந்திருந்தார்.

"இது அடிச்சிக்கினே கீதும்மா. இந்தில திட்றான், இங்கிலீசுல திட்றான். புரியல, அதனால பரவால்லன்னு கீழ வெச்சிடுவேன். நேத்து ஒருத்தன் தமிழ்ல பேசினான். திட்டவே இல்ல. வூட்டு வாசல்ல ரெண்டு வேப்பமரம் கீதே, அதுல எந்த மரத்துல உம்பொண்ணு ஊஞ்சல் ஆடுவான்னு கேட்டான்."

என்னால் அந்தப் போனைத் தொடக்கூட முடியவில்லை. இப்போது அடித்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்பி இல்லாத போன் எப்படி அடிக்கும்? ஆனாலும் பார்த்தேன்.

அவர் எழுந்து வந்து அப்பாவை உட்கார வைத்தார். பொண்ணு பத்திரமாக இருக்கிறாளா என்று கேட்டார். பத்திரம்தான், பரீட்சை முடிகிற வரைக்கும் ஒரு தோழி வீட்டில் என்று அப்பா ஊர்ப் பெயரைச் சொல்லப் போக, இவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

"சொல்லாதீங்க. நானே கேட்டாலும் சொல்லாதீங்க."

வளைவை எடுத்தது யார் என்று என்னிடம் அவர் கேட்கவே இல்லை. அது எனக்குத் திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்தது. நானாகவே சொன்னேன். "முதலாளி கேட்டாரா?" என்றார். ஆமாம் என்றேன். திரும்பித் திரையைப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் அந்த அப்பா போன் செய்தார். கம்பியை மறுபடி மாட்டிவிட்டாராம். திட்டு வருவது குறைந்துவிட்டது, இப்போது இல்லவே இல்லை என்றார். ஜனங்களுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். என்னை நானே மன்னித்துக்கொள்ள அது வசதியாக இருந்தது. கேள்விக் கூட்டம் மட்டும் குறையவில்லை. அவரும் அந்தப் பெயருக்கு வளைவு எதுவும் போடவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த நாட்களில் அவர் சட்டைப் பையில் செல்போன் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஓசையை அணைத்து வைத்திருந்தார். அவ்வப்போது எடுத்துக் காதில் வைத்து, எதிர்முனை பேசி முடிக்கும் வரை முழுதாகக் கேட்பார். கடைசியில், "கேக்கறது யாரு?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவார். சில சமயம் கேட்டு முடித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். சான்றிதழுக்காகத் தரகர் யாராவது தொந்தரவு செய்கிறாரோ என்று நினைத்தேன். மகளைக் கொஞ்ச நாள் சின்னசேலத்தில் மச்சான் வீட்டில் விட்டிருப்பதாகச் சொன்னபோதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து முதலாளி சென்னையிலிருந்து நேரில் வந்தார். முகம் சரியில்லை. எங்கள் பதிவில் ஒரு பெயருக்குப் பொய் விவரம் இருக்கிறதென்று மேலிடத்துக்குப் புகார் போயிருந்தது. நிரூபணமானால் கம்பெனியின் உரிமமே போகும். அவர் அப்போது கீழே சாப்பிடப் போயிருந்தார். முதலாளி அந்தப் பெயரைச் சொல்லி, பார் என்றார். ஒன்றரை மாதமாக உலகமே கேட்ட அந்தக் கேள்வியை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.

மூங்கில்துறைப்பட்டு அங்கே இல்லை. ஆலைத் தொழிலாளியின் பெயர் இல்லை. திரையில் இருந்தது அவர் பெயர். வெள்ளிமலை வழி, அவருடைய சிற்றூர், அவருடைய செல்போன் நம்பர்.

அந்தப் பையில் மினுக்கிய விளக்கு என்ன என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை வசவு, எத்தனை மிரட்டல், எல்லாவற்றையும் என் எதிரே உட்கார்ந்து, மப்ளரைச் சரி செய்துகொண்டே அந்த மனிதர் கேட்டிருக்கிறார். வீட்டை அடையாளம் சொன்ன ஆளும் அதில் இருந்திருப்பான். ஊர் உலகத்தையே சுற்றி அனுப்பியிருக்கிறார், தன் வாசலுக்கு.

எங்கள் இருவருக்கும் ஒரே கடவுச்சொல். மாற்றியது யார் என்று எந்திரத்தைக் கேட்டால் தெரியாது. முதலாளி என்னைக் கேட்டார்.

"நீயா மாத்தின?"

"நான் இல்ல சார்."

அறையில் வேலை செய்வதே இரண்டு பேர். அதில் ஒருத்தி நான் இல்லை என்று சொன்னால் அதற்குப் பெயர் என்ன? பொய் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்ட விநாடியே, ஒரு மூச்சுக்கூட விடாமல், பதில் சொன்னேன்.

அன்று மாலையே, நான் சொன்ன பதிலைச் சொல்லி, அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் மறுக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டார். மேஜையில் எடுக்க வேறொன்றும் இல்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணு வளைவாவது போட்டிருக்கலாம்மா," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

மறுநாள் பழைய விவரத்தைத் திரும்ப ஏற்றச் சொன்னார் முதலாளி. நானே ஏற்றினேன். இந்தத் தடவையும் எழுத்துப் பிசகவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு யாரோ முன்னாலேயே சேதி சொல்லியிருக்கிறார்கள். அதே நாள் காலையில் தளத்தை மூடிவிட்டாள், அப்பாவும் அம்மாவும் திருக்கோவிலூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கு நாலு நாள் முன்னால்தான் அவள் பரீட்சை முடிந்திருந்தது. இப்போது டாக்டராக இருக்கிறாள் என்று கேள்வி. எந்த ஊரில் என்று நான் விசாரிக்கவில்லை.

விதி பிறகு மாறிவிட்டது. இன்றைக்குப் பெயரைத் தட்டினால் ஆள் விவரம் பெரும்பாலும் மறைத்துத்தான் வருகிறது. யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று எழுதிக் கேட்க வேண்டும். முதல் தடவை அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வாரமே பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போனேன். அங்கிருந்து வேன் பிடித்து அவர் ஊர்.

வேன் நின்ற இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாவிடம் அவர் பெயரைச் சொல்லி வீடு கேட்டேன். அந்த அம்மா கிளாசைக் கழுவிக்கொண்டே, "கேக்கறது யாருங்க?" என்றார்.

என் பெயரைச் சொன்னேன். கள்ளக்குறிச்சியில் ஒன்றாக வேலை பார்த்தோம் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போனார். அந்த அம்மா தார்ரோட்டில் நேரே போகச் சொன்னார். பலாமரம் தாண்டி இடப்பக்கம் திரும்பிக் கேட்டால் சொல்வார்களாம்.

பலாமரத்தண்டை மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தவர், ஓடைப் பாலம் தாண்டித் திரும்பச் சொன்னார். பாலத்தண்டை துணி துவைத்தவர், மேட்டுக்கு அந்தப் பக்கம் கோயில் இருக்கிறது, அதை ஒட்டித் திரும்பினால் வந்துவிடும் என்றார். எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். கோயில் திருப்பத்தில் வந்து நின்றேன். அது மூன்றாவது. யாராவது எதிரே வருவார்கள் என்று நின்றேன். ஒரு மாடு வந்தது. அதன் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். நிழல் காலடியிலிருந்து நகர்ந்து ரோட்டுக்குப் போகும் வரை நின்றிருந்துவிட்டு, அந்தப் பாதையிலேயே நடந்தேன்.

பாதை டீக்கடைக்குப் பின்பக்கம் வந்து முடிந்தது. பாதி டீயில் எழுந்து போனவர் திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. உட்காரும்மா, வேன் வர நேரந்தான் என்று ஒரு டீ போட்டுக் கொடுத்தார். அவர் ஊரில் இல்லை என்று கடைசி வரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.